சிப்பாயின் சீட்டு யார் கைக்குப் போனது?

அமெரிக்க விடுதலைப் போரில் கடைசிவரை நின்ற சிப்பாய்க்குச் சம்பளப் பாக்கியாகக் கிடைத்தது காசு அல்ல, அச்சடித்த ஒரு சீட்டு. அரசுக்கும் இன்னாருக்கும் இடையிலான கணக்கு இறுதியாகத் தீர்க்கப்பட்டது, அதில் அவருக்கு இவ்வளவு டாலர் வர வேண்டியிருக்கிறது, அந்தத் தொகை ஆண்டுக்கு 6 சதவீத வட்டியுடன் அவருக்கோ அல்லது இதைக் கொண்டுவருபவருக்கோ செலுத்தத் தக்கது என்பதே அதன் சாரம். அடியில் தலைமைச் சம்பள அதிகாரி ஜான் பியர்ஸின் கையொப்பம். அசல் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று அதில் எழுதப்படவில்லை.

வரலாற்று நூல்கள் இந்தச் சீட்டை 1790-ஆம் ஆண்டின் விவாதத்தில்தான் விரிவாகக் காட்டும். கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் நாட்டின் கடனுக்கு வழிசெய்தார், நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் எதிர்த்தார், சீட்டுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள் பெரும் லாபம் பார்த்தார்கள் என்று கதை போகும். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் காங்கிரஸ் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோது சீட்டு சிப்பாயின் கையைவிட்டுப் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. அது எப்படிப் போனது என்று அறிய, சீட்டு அலுவலகத்திலிருந்து சிப்பாயின் வீட்டுக்கு வந்த வழியைப் பார்க்க வேண்டும். யார் சுமந்து வந்தார், யாரிடம் கொடுத்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் யாரிடம் இருந்தது என்பவற்றில்தான் அந்தக் கடன் யாருடைய சொத்து என்பது தீர்மானமாயிற்று என்பது என் முடிவு.

சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் ஆறே முக்கால் டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்குக் கூட்டினால் 80 டாலர். போர் முடியும்வரை பணியாற்றுபவருக்கு இன்னொரு 80 டாலர் வெகுமதி உண்டு என்று 1778 மே மாதத்தில் காங்கிரஸ் வாக்களித்தது. அதிகாரிகளுக்கு வாழ்நாள் முழுதும் அரைச் சம்பளம் என்று சொல்லி, 1783 மார்ச்சில் அதை ஐந்து ஆண்டு முழுச் சம்பளமாக மாற்றினார்கள். இதையெல்லாம் கொடுக்கக் காங்கிரஸிடம் ஒன்றுமில்லை. வரி விதிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. மாநிலங்கள் அனுப்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இறக்குமதிப் பொருள்களுக்கு 5 சதவீதத் தீர்வை போடலாம் என்ற யோசனைக்கு எல்லா மாநிலங்களும் ஒப்ப வேண்டியிருந்தது. 1782-இல் ரோட் தீவு மறுத்தது, யோசனை விழுந்தது. காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணமோ 1780 மார்ச்சிலேயே நாற்பதுக்கு ஒன்று என்று அதிகாரபூர்வமாக மதிப்பிறக்கப்பட்டிருந்தது. 1781-ஆம் ஆண்டின் முதல் நாளன்று பென்சில்வேனியாப் படையினர் மாரிஸ்டவுன் பாசறையில் கலகம் செய்ததற்குக் காரணம் சம்பளமும் பணிக்காலமும்தான்.

சமாதானம் நெருங்கியபோது காங்கிரஸுக்குப் பயம் வந்தது. சம்பளம் இல்லாமல் ஒரே இடத்தில் கூடியிருக்கும் படை ஆபத்தானது. அதைக் கலைக்கவோ கையில் பணமில்லை. 1783 மே 26 அன்று ஒரு வழி கண்டார்கள். சிப்பாய்களை விடுவிக்காமல், விடுப்பில் வீட்டுக்கு அனுப்புவது; அமைதி உடன்படிக்கை உறுதியானதும் அந்த விடுப்பே பணிவிலக்கு ஆகிவிடும். கையில் எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டுமே என்று நிதிக் கண்காணிப்பாளர் ராபர்ட் மாரிஸ் மூன்று மாதச் சம்பளத்துக்குத் தம் சொந்தக் கையெழுத்திட்ட வாக்குறுதித் தாள்களை எழுதினார். ஆறு மாதம் கழித்துப் பணம் தரும் தாள்கள் அவை. அவை பாசறைக்கு வந்து சேர்வதற்கு முன்பே பலர் நடையைக் கட்டிவிட்டார்கள். கணக்கும் தீராமல், கையில் ஒரு காசும் இல்லாமல் அவர்கள் போனதைத் தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் அந்த ஜூன் மாதம் காங்கிரஸுக்கு எழுதிய கடிதத்தில் வேதனையோடு குறித்தார்.

பென்சில்வேனியாப் படையினர் சிலர் அப்படிப் போக மறுத்தார்கள். கணக்கைத் தீர்த்துவிட்டு எங்களை அனுப்புங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. ஜூன் 21 அன்று பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடிவந்த அரசு மாளிகையைத் துப்பாக்கிகளோடு சூழ்ந்து நின்றார்கள். காங்கிரஸ் நகரைவிட்டு நியூஜெர்ஸியின் பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே, ஜூலை 4 அன்று, படையினரின் எல்லாக் கணக்குகளையும் இறுதியாகத் தீர்க்கும் பொறுப்பைத் தலைமைச் சம்பள அதிகாரி ஜான் பியர்ஸிடம் ஒப்படைத்துத் தீர்மானம் போட்டது. கலகத்துக்கும் தீர்மானத்துக்கும் இடையில் இரண்டு வாரம்கூட இல்லை.

பியர்ஸ் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டைச் சேர்ந்தவர். 1781 முதல் அந்தப் பதவியில் இருந்தார். பின்னாளில் பெண் கல்விக்குப் பெயர்பெற்ற லிட்ச்ஃபீல்டு பள்ளியைத் தொடங்கிய சாரா பியர்ஸ் அவருடைய தங்கை. அவர் தலையில் விழுந்த வேலை எவ்வளவு பெரிதென்று எண்ணிப் பார்க்க வேண்டும். படைப்பிரிவுகளின் ஆள்வரிசைப் பட்டியல்களை எடுத்து, ஒருவர் எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாளில் ஓடினார் அல்லது இறந்தார், எவ்வளவு முன்பணம் வாங்கினார், எத்தனை உடைகள் அவர் கணக்கில் எழுதப்பட்டன என்று பார்த்து, கழித்து, மிச்சத்தை எழுத வேண்டும். தொகை டாலரிலும் டாலரின் தொண்ணூறில் ஒரு பங்கிலும் எழுதப்பட்டது. பென்சில்வேனியாக் கணக்கில் ஒரு டாலர் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 90 பென்ஸ், அதனால்தான் தொண்ணூறு. ஒரே சிப்பாய்க்குச் சம்பளத்துக்கு ஒன்று, வெகுமதிக்கு ஒன்று என்று பல சீட்டுகள் எழுதப்பட்டதும் உண்டு. மொத்தத்தில் 93,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் எழுதப்பட்டன. கூட்டுத்தொகை சுமார் 1.1 கோடி டாலர். அதில் கணிசமான பகுதி அதிகாரிகளின் ஐந்தாண்டுச் சம்பளம். அச்சடித்த தாளில் பேனாவால் பெயரும் எண்ணும் தொகையும் நிரப்பிய அந்த எழுத்தர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். காசில்லாத ஓர் அரசு தன் கடனையாவது நேர்மையாக எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தது சிறிய விஷயமல்ல.

ஆனால் எழுதி முடிக்கக் காலம் பிடித்தது. அதற்குள் படை கலைந்துவிட்டது. 1783 கோடையில் பாசறையில் வரிசையாக நின்றிருந்தால் ஒரு நாளில் கொடுத்து முடித்திருக்கக்கூடிய சீட்டுகள், இப்போது மெய்ன் காட்டோரத்திலிருந்து ஜார்ஜியா வரை சிதறிக் கிடந்த மனிதர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தன. சிலர் மேற்கே புதுநிலம் தேடிப் போயிருந்தார்கள். சிலர் இறந்திருந்தார்கள். பலருக்குப் படிக்கத் தெரியாது. இங்கேதான் முகவர் வருகிறார்.

படைப்பிரிவுக்கு ஒருவர், அல்லது மாநிலப் படைக்கு ஒருவர் என்று முகவர்கள் கட்டுக்கட்டாகச் சீட்டுகளைப் பெற்றுக்கொண்டு உரியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் பிரிவிலேயே பணியாற்றிய முன்னாள் அதிகாரி. ஆட்களை முகம் பார்த்து அறிவார் என்பது அவருடைய தகுதி. சிப்பாய் நேரில் வந்து வாங்கலாம். வர முடியாதவர், என் சீட்டுகளை இன்னாரிடம் கொடுக்கவும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைக்குறியோ இட்டு அனுப்பலாம். இத்தகைய துண்டுத் தாள்கள் பழைய ஆவணக் காப்பகங்களில் இன்றும் கிடக்கின்றன.

அந்தத் தாளைச் சற்று உற்றுப் பார்க்கலாம். நூறு மைல் தொலைவில் இருக்கும் முகவரிடம் போய் வர ஒரு விவசாயக் கூலிக்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். வழிச்செலவு வேறு. போனால் கிடைப்பது உடனே காசாக மாறாத ஒரு காகிதம். அந்தச் சமயத்தில் ஊர்க் கடைக்காரர் சொல்கிறார்: எனக்கு நீ தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொள்கிறேன், ஒரு தாள் எழுதிக்கொடு, நான் வாங்கிக்கொள்கிறேன். சிப்பாய் கைக்குறி இடுகிறார். சீட்டு எழுதப்பட்டபோது இருந்த பெயர் சிப்பாயுடையது. முகவரின் கையிலிருந்து அதைப் பெற்றுக்கொண்டவர் கடைக்காரர். சிப்பாய் தன் சீட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பிறகு அது ‘கொண்டுவருபவருக்கு’ என்று எழுதிய சீட்டு, ஆகவே அதற்குமேல் எந்த எழுத்தும் தேவையில்லை. பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ பிலடெல்பியாவிலோ இருந்த தரகருக்கு அது கைமாறியது.

கொடுக்கும் வேலைக்கு என்ன கூலி, யார் தருவது என்ற கேள்வியும் இதனுள் இருந்தது. சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், பயணம் செய்ய வேண்டும், ஆண்டுக்கணக்கில் யார் வருவார் என்று காத்திருக்க வேண்டும். சிப்பாய்க்கே காசு கொடுக்க முடியாத காங்கிரஸ், முகவருக்கு மட்டும் தாராளமாகக் கொடுத்திருக்க வழியில்லை. உழைப்புக்கு ஒழுங்கான ஊதியம் இல்லாத இடத்தில், கையிலிருக்கும் பட்டியலும் சீட்டும் தாமே ஊதியமாக மாறும் சபலம் எழுவது இயல்பு. யாருக்கு எவ்வளவு வர வேண்டும் என்பது முகவருக்குத் தெரியும், சிப்பாய்க்குத் தெரியாது. அந்த ஒரு வேறுபாட்டை வைத்தே ஒரு வணிகம் எழும்ப முடியும்.

எல்லோரும் அப்படி நடக்கவில்லை. ரோட் தீவுப் படைப்பிரிவின் தளபதி ஜெரமையா ஓல்னியை இங்கே நினைக்கத்தான் வேண்டும். அந்தப் பிரிவில் கறுப்பின வீரர்கள் பலர் இருந்தார்கள். படையில் சேர்ந்ததால் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றவர்கள் அவர்களில் உண்டு. 1783 டிசம்பரில் சரடோகாவில் மிச்சப் படையைக் கலைத்தபோது, இவர்களை ஊதியமின்றி அனுப்ப நேர்ந்ததற்கு வருந்தி, அவர்களுக்குச் சேர வேண்டியதைப் பெற்றுத்தரத் தொடர்ந்து முயல்வதாகப் பிரியாவிடை ஆணையில் வாக்களித்தார். பின்னாளில் அவர்களில் சிலரை மீண்டும் அடிமைகளாக்க முயற்சி நடந்தபோது அவர்கள் பக்கம் நின்றார். நல்ல இடையாள் ஒருவர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் நல்லவர் கிடைப்பதை நம்பித்தான் ஓர் ஏற்பாடு நடந்தது என்றால், அந்த ஏற்பாட்டில் குறை இருக்கிறது.

மறுபுறம் வட கரோலினா. அந்த மாநிலம் தன் சிப்பாய்களின் பாக்கியைத் தானே தீர்க்க வாரன்டனில் ஆணையர்களை அமர்த்தியது. இது காங்கிரஸின் சீட்டல்ல, மாநிலத்தின் சீட்டு. ஆனால் வழிமுறை ஒன்றுதான். பணியே செய்யாதவர்களின் பெயரிலும், மிகைப்படுத்திய தொகையிலும் சீட்டுகள் எழுதப்பட்டன என்று குற்றச்சாட்டு கிளம்பியது. 1786-இல் சட்டசபை விசாரணையில் இறங்கியது. 1787 தொடக்கத்தில் வாரன்டனில் சிறப்பு நீதிமன்றம் கூடி, ஆணையர்கள் உட்படப் பலரைத் தண்டித்தது. பத்தாண்டு கழித்து அதே மாநிலத்தில் சிப்பாய்களுக்கு மானியமாகக் கொடுத்த நிலப் பத்திரங்களிலும் மோசடி வெளிப்பட்டது. அப்போது மாநிலச் செயலராக இருந்த ஜேம்ஸ் கிளாஸ்கோ 1800-இல் தண்டனை பெற்றார். அந்த வழக்கை விசாரிக்க ராலியில் நீதிபதிகளைக் கூட்டிய ஏற்பாடுதான் வட கரோலினாவின் உச்ச நீதிமன்றத்துக்கு வித்தாயிற்று. பத்திரத்தில் இருக்கும் பெயருக்கும் அதை வாங்க வந்து நிற்கும் ஆளுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி எவ்வளவு பேருக்குப் பிழைப்பாக இருந்தது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

சந்தை விலைக்கு வருவோம். 1780-களின் நடுவில் பியர்ஸ் சீட்டு நூறு டாலருக்குப் பத்து முதல் பதினைந்து டாலருக்கு விற்றது. பவுண்டுக்கு இரண்டரை ஷில்லிங் என்பது அன்றைய பேச்சு. எட்டில் ஒரு பங்கு. 80 டாலர் வெகுமதிச் சீட்டுக்குப் பத்து டாலர். ஜோசப் பிளம்ப் மார்ட்டின் என்ற சிப்பாய் 1830-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் இந்தக் கட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பதினைந்து வயதில் படையில் சேர்ந்தவர். வெஸ்ட் பாயின்டில் விடுவிக்கப்பட்ட அன்றே சிலர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். சிலர் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள், அதை விற்று நல்ல துணி வாங்கிப் போட்டுக்கொண்டு மனிதர்களைப் போல ஊர் போய்ச் சேர்வதற்காக. மார்ட்டின் காத்திருந்தவர்களில் ஒருவர். சீட்டு உடனே தயாராகவில்லை. வழி தெரியாமல் இன்னொருவருக்குப் பதிலாகச் சில மாதங்கள் மறுபடியும் பணிசெய்யக் கூலிக்கு ஒப்புக்கொண்டார். கடைசியில் சீட்டு வந்தது. அதில் சிலவற்றை விற்றுத் துணி வாங்கினார்.

சிப்பாய்கள் ஏமாளிகள், காத்திருக்கத் தெரியாமல் விற்றுவிட்டார்கள் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும். கிழிந்த உடையோடு நிற்கும் ஒருவருக்கு ஆறு சதவீத வட்டி என்பது உண்மையான வாய்ப்பே அல்ல. காத்திருக்க முடிந்தவர்கள் ஏற்கெனவே கையிருப்பு உள்ளவர்கள். ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெய்ல் ஆடம்ஸ், கணவர் நிலம் வாங்கச் சொன்னபோதும் அரசுக் கடன் பத்திரங்களே நல்ல முதலீடு என்று உறுதியாக இருந்து, உறவினர் காட்டன் டஃப்ட்ஸ் மூலம் சிப்பாய்களின் சீட்டுகளையும் வாங்கிச் சேர்த்தார். அவர் சட்டத்தை மீறவில்லை, யாரையும் வற்புறுத்தவும் இல்லை. கைக்காசு இருந்த வீடுகளின் பக்கம் சீட்டு தானாகவே ஓடியது.

இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்தது இன்னும் கசப்பானது. இந்தக் கடன்களின் வட்டிக்காக மாநிலங்கள் வரி போட்டன. வரி கட்டுபவர்களில் பழைய சிப்பாயும் ஒருவர். மாசசூசெட்ஸில் இந்தச் சுமைதான் 1786-இல் விவசாயிகளைக் கிளர்ச்சிக்குத் தள்ளிய காரணங்களில் ஒன்று; அதன் தலைவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ் விடுதலைப் படையில் கேப்டனாக இருந்தவர். தன் சம்பளச் சீட்டை எட்டில் ஒரு பங்குக்கு விற்ற மனிதர், அந்தச் சீட்டுக்கு முழு மதிப்பில் வட்டி கொடுக்கத் தானே வரி கட்ட வேண்டியிருந்தது என்பதை மேற்கு மாசசூசெட்ஸ் மக்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

1790 ஜனவரியில் கருவூலச் செயலர் ஹாமில்டன் பொதுக்கடன் அறிக்கையைக் காங்கிரஸில் வைத்தார். யார் கையில் சீட்டு இருக்கிறதோ அவருக்கே உரிமை என்பது அவர் நிலை. கைமாறும் பத்திரத்தில் அரசே பாகுபாடு பார்த்தால் நாளைக்கு அரசை நம்பி யாரும் கடன் தரமாட்டார்கள் என்றார். பிப்ரவரி 11 அன்று மேடிசன் மாற்று யோசனை வைத்தார். இப்போது வைத்திருப்பவருக்குச் சந்தையின் உச்ச விலை, மிச்சம் முதலில் பெற்றவருக்கு. இதற்கிடையே, அறிக்கை வெளியான செய்தி தொலைதூர ஊர்களுக்குப் போவதற்குமுன் சீட்டுகளை வாங்கிக் குவிக்க நியூயார்க்கிலிருந்து கப்பல்கள் தெற்கே கிளம்பிவிட்டன என்று ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் சபையில் கொதித்தார். பிப்ரவரி 22 அன்று மேடிசனின் யோசனை 36-க்கு 13 என்று தோற்றது.

எதிர்த்தவர்களின் வாதங்களில் ஒன்று நடைமுறை சார்ந்தது: முதலில் பெற்றவர் யாரென்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. நியூஜெர்ஸியின் எலியாஸ் பூடினோ, சீட்டுகள் சில உண்மையான உரியவர் பெயரில் அல்லாமல் அலுவலக எழுத்தர்கள் பெயரில் எழுதப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். பொதுவாக எல்லாக் கடன் பத்திரங்களுக்கும் இது பொருந்தலாம். சிப்பாய்களின் சீட்டுக்கு எனக்கு இது அவ்வளவாக ஏற்புடையதாக இல்லை. ஏனென்றால் 1786-லேயே நியூயார்க்கில் பியர்ஸ் சீட்டுகளின் பதிவேடு அச்சிடப்பட்டிருந்தது. எண், பெயர், தொகை எல்லாம் அதில் உண்டு. பெயர் தெரியும். அந்தப் பெயருக்குரியவர் எந்தக் கிராமத்தில் இருக்கிறார், சீட்டு உண்மையில் அவர் கைக்குப் போனதா, முகவரிடமிருந்து வேறொருவர் வாங்கிப்போனாரா என்பதுதான் அதில் இல்லை. கொடுத்தவர் எழுதிவைத்த கணக்கைத் திரட்டியிருந்தால் அதையும் ஓரளவு அறிந்திருக்கலாம். அவ்வளவு வேலை செய்ய அன்றைய கருவூலத்துக்கு மனமும் ஆளும் இருக்கவில்லை.

ஆகஸ்ட் 4 அன்று நிறைவேறிய சட்டப்படி அசலில் மூன்றில் இரண்டு பங்குக்கு உடனே 6 சதவீத வட்டி தரும் புதிய பத்திரம், மீதிக்கு 1801 முதல் வட்டி தரும் பத்திரம், நிலுவை வட்டிக்கு 3 சதவீதப் பத்திரம். பத்து டாலருக்கு வாங்கிய 80 டாலர் சீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் ஆண்டு வட்டி மூன்று டாலர் இருபது சென்ட். போட்ட முதல் மூன்றே கால் ஆண்டுக்குள் திரும்பிவிடும். அசல் அப்படியே நிற்கும்.

இந்தப் பெரிய வாக்கெடுப்பின் நிழலில் அதே ஆண்டு நடந்த இன்னொரு சிறிய சண்டையைப் பலரும் கண்டுகொள்வதில்லை. என் பார்வையில் அதுவே அதிகம் கற்றுத்தருவது. வர்ஜீனியா, வட கரோலினாப் படையினருக்கு 1782, 1783 ஆண்டுகளின் சம்பள நிலுவை இன்னும் கொடுக்கப்படாமல் இருந்தது. யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் நியூயார்க்கில் கருவூலத்தில் இருந்தது. அந்தப் பட்டியல் வெளியே கசிந்தது. நியூயார்க் வணிகர் ஒருவருக்காக ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்பவர் அதன் நகலோடு வர்ஜீனியாவுக்குப் போய், தங்களுக்குப் பணம் வரப்போவதே தெரியாத சிப்பாய்களிடம் உரிமையை அற்ப விலைக்கு எழுதி வாங்கினார். வர்ஜீனியாவின் முன்னாள் அதிகாரி கஸ்டவஸ் வாலஸ் இதைக் கண்டு மேடிசனுக்குக் கடிதம் எழுதினார். வர்ஜீனியா உறுப்பினர் தியடோரிக் பிளாண்ட் காங்கிரஸில் தீர்மானம் கொண்டுவந்தார்.

அந்தத் தீர்மானத்தின் உள்ளடக்கத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். பெயரும் தொகையும் உள்ள பட்டியலை அந்தந்த மாநில ஆளுநர்களுக்கு அனுப்பி மக்கள் அறிய வெளியிட வேண்டும். பணத்தை அந்த மாநிலங்களுக்கே அனுப்பி அங்கேயே கொடுக்க வேண்டும். சிப்பாய் நேரில் வந்தால் அவரிடமே கொடுக்க வேண்டும். வேறொருவர் வந்தால், சிப்பாய் வசிக்கும் கவுண்டியின் நீதிபதிகள் இருவர் முன்னிலையில் எழுதிய அதிகாரப் பத்திரம் வேண்டும், அதில் இன்ன தொகையைப் பெற என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். தொகை எழுதியாக வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனை போதும். கைக்குறி இடுபவர் எவ்வளவைக் கொடுத்துவிடுகிறோம் என்று இருவர் முன்னால் காதால் கேட்டாக வேண்டும்.

1783-இல் விட்டுப்போனவற்றை இந்தத் தீர்மானம் ஒவ்வொன்றாகத் தொட்டது. தூரம், பட்டியலின் மறைவு, கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொடுக்கும் தாள் என்று அத்தனையும் அதில் அடங்கின. ஹாமில்டன் எதிர்த்தார். மே 28 அன்று, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த வாஷிங்டனுக்கு எழுதி, ஏற்கெனவே நடந்த விற்பனைகளைச் சட்டம் பின்னோக்கிப் போய்க் குலைப்பது ஒப்பந்தங்களின் மீதான நம்பிக்கையைக் கெடுக்கும் என்று வாதாடினார். அவர் வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. நேர்மையாக வாங்கியவர்களும் சிலர் இருந்திருப்பார்கள். வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சன் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கருத்து எழுதினார். வாஷிங்டன் ஒப்புதல் கையெழுத்திட்டார். அதே ஆண்டில் பெரிய கடனில் முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று, சிறிய கடனில் முடிந்தது. வேறுபாடு என்னவென்றால் இங்கே பணம் இன்னும் கைமாறவில்லை. கொடுக்கும் வழியைச் சீர்செய்ய நேரம் இருந்தது.

பட்டியல் கசிவு அதோடு நிற்கவில்லை. 1792-இல் அதே ரெனால்ட்ஸும் ஜேக்கப் கிளிங்மன் என்பவரும் கைதானார்கள். இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு சிப்பாயின் சொத்துக்கு உரிமை பெற, பொய்ச்சத்தியம் செய்ய ஆள் பிடித்து, அரசிடமிருந்து 400 டாலர் நிலுவையைப் பெற்றார்கள் என்பது வழக்கு. கருவூலத்தில் ஹாமில்டனுக்குக் கீழே பணியாற்றிய ஆலிவர் வால்காட் வழக்கைக் கையாண்டார். பணத்தைத் திருப்பித் தர வேண்டும், கையிலிருக்கும் சிப்பாய்ப் பெயர்ப் பட்டியலை ஒப்படைக்க வேண்டும், கருவூலத்தில் அதைக் கொடுத்தவர் யாரென்று சொல்ல வேண்டும் என்ற நிபந்தனைகளில் அவர்கள் தப்பினார்கள். சிறையிலிருந்தபோது ரெனால்ட்ஸ் ஹாமில்டனைச் சிக்கவைக்கும் ரகசியம் தன்னிடம் இருப்பதாகப் பரப்பியதும், அது ஹாமில்டனுக்கு ரெனால்ட்ஸின் மனைவியோடு இருந்த உறவாக முடிந்ததும், 1797-இல் ஹாமில்டனே அதை அச்சில் ஒப்புக்கொண்டதும் ஊரறிந்த கதை. அந்தக் கதையின் அடியில் கிடப்பது ஒரு சிப்பாய்ப் பெயர்ப் பட்டியல் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பியர்ஸ் இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை, 1788-இல் இறந்துபோனார். அவர் பொறுப்பை ஜோசப் ஹவல் ஏற்று நடத்தினார். 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகத்தில் தீப்பிடித்துப் படைப் பதிவுகள் ஏராளமாக அழிந்தன. அச்சாகியிருந்ததால் பியர்ஸின் பதிவேடு பிழைத்தது. போரின் முடிவுவரை பணியாற்றி 80 டாலர் வெகுமதிக்கு உரியவரான சிப்பாய்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு வாழ்நாள் முழுதும் முழுச் சம்பளம் என்று 1828 மே மாதத்தில் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. நாற்பத்தைந்து ஆண்டுக்கு முன் பத்து டாலருக்கு விற்ற அதே வெகுமதிதான் இப்போது தகுதிக்கு அளவுகோல். சீட்டு எப்போதோ போய்விட்டது. ஆனால் அதை எழுதியபோது பதிந்த பெயர் அப்படியே இருந்தது. அந்தப் பெயரைக் கொண்டுவருபவர் என்று வேறு யாரும் வந்து நிற்க முடியாது.

மார்ட்டின் அதற்கு முன்பே, 1818-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாதம் எட்டு டாலர் ஓய்வூதியம் பெற்றுவந்தார். வறியவர்களுக்கு மட்டுமே உரிய உதவி அது என்பதால் 1820-இல் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு மாடு, ஆறு ஆடு, ஒரு பன்றி. சொந்த நிலம் இல்லை. மெய்னில் அவர் உழுத நிலத்துக்கு, விடுதலைப் படையின் தளபதிகளில் ஒருவராக இருந்த ஹென்றி நாக்ஸ் உரிமை கொண்டாடினார். அந்த வழக்கில் நாக்ஸின் பக்கம்தான் வென்றிருந்தது.